மூன்றாவது அடியில் விக்கல்

பல்பொடி விற்கப் பிறந்த பாட்டு.
சொர்ணமயில் குரலில் ஒரே ஒரு இசைத்தட்டு,
மூன்றாவது அடியில் விக்கல்.
மறுபடி பதிய முதலாளிக்கு மனசில்லை;
விக்கலோடு சுற்றியது ஜட்கா வண்டி
கீழவாசல் தொடங்கித் தெப்பக்குளம் வரை.

பொடி போச்சு, கம்பெனி போச்சு.
ஒத்தக்கடை நாடகத்தில் பபூன் இருளாண்டி
ஒரு விக்கலை மூன்றாக்கினான்.
பேண்டு செட்டு சவரிமுத்துவின் கிளாரினெட்டில்
அது கீச்சென்றது;
மாப்பிள்ளை அழைப்பில் குதிரை மிரண்டது.

தமுக்கத்தில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா.
புதிதாக வந்த மெஹருன்னிசா,
சுருதி சுத்தக்காரி,
விக்கலை எடுத்துவிட்டாள்.
அந்த இடம் வந்ததும்
கூட்டமே விக்கியது.
அடுத்த கச்சேரியில் அவளும் விக்கினாள்,
கொஞ்சம் கோபமாக.

நான் அப்போது தபேலா.
சொர்ணமயிலைத் தேடிப்போய்க் கேட்டேன்,
செல்லூரில், மாவு மில் வரிசையில்.
"சங்கதியா? போய்யா.
காஞ்ச பன்னு வாங்கித் தந்தான் அந்த ஆளு,
தண்ணி வாங்கித் தரலை."

இப்போது குப்பை வண்டியில் அதே மெட்டு,
மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று.
இன்று காலை சிம்மக்கல் முக்கில்
ஸ்பீக்கர் விக்க,
மாடியிலிருந்து எவனோ கத்துகிறான்:
"யாராச்சும் அதுக்கு
தண்ணி குடுங்கப்பா!"