இரண்டும் இடது

ஜனவரியில் பனி வாரும் வண்டியொன்று
என் பழைய சாப் காரின் இடக்கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது.
ஓட்டியவர் நிறுத்தவில்லை.
ரௌமாவில் பனி நிற்கும்வரை
யாரும் எதற்கும் நிற்பதில்லை.
கதவில் மிச்சம் ஒரு குரோம் முளை,
பாதி பிடுங்கிய பல் மாதிரி.

தேடினேன்.
துர்க்குவில் ஒருவர் வைத்திருந்தது லாரியுடையது.
தம்பெரெயில் புத்தம் புதிதாக ஒன்று.
பளபளப்பு இருந்தது, காந்தம் ஒட்டவில்லை,
தட்டினால் தயிர் டப்பாவின் சத்தம்.
மார்ச்சில்தான் கொக்கொலாவிலிருந்து
அர்வோ ஹக்கலா போனில் வந்தார்.
"ஜோடியாகத்தான் தருவேன். ஒன்றை விற்றால்
இன்னொன்று நாள் முழுக்க
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்."
நூற்று நாற்பது யூரோ. அனுப்பிவிட்டேன்.

செய்தித்தாள் சுற்றிய பார்சல்.
குரோமில் கொசுக்கடி அளவுக்குப் புள்ளிகள்,
ரசம் போகாத கண்ணாடி,
கையில் வைத்தால் முட்டையின் கனம்.
இரண்டையும் மேசையில் வைத்தேன்.
இரண்டும் இடது.

போன் செய்தேன். நெடுநேரம் பேச்சில்லை.
பிறகு,
"இனி என் செருப்புகளையும்
ஒருமுறை பார்த்துவிடுகிறேன்" என்றார்.
சிரித்த சிரிப்பில்
பணத்தைத் திருப்பிக் கேட்க மறந்துபோனேன்.

ஏப்ரல். கொட்டகைக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது.
முளையின் திருகு துருவில் உறங்கியது.
முதல் நாள் எண்ணெய். இரண்டாம் நாள் எண்ணெய், கொஞ்சம் வசவு.
மூன்றாம் நாள் கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது.
அடியிலிருந்த ரப்பரை நகத்தால் உரித்தேன்.

கருஞ்சிவப்புக் காருக்குள்
தீப்பெட்டி அளவு வெளிர்பச்சை.

"ஆலையில் அடித்த பெயின்ட், யாரும் தொடாத வண்டி,"
வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ரைனெ சொல்வான்.
அவனிடம் யார் சொன்னார்களோ.
இப்போது ட்ரொம்சோவில் மீன்பண்ணையில் இருக்கிறான்,
கேட்டால் பதில் எழுதுவான்.
கேட்கவில்லை.
போகும்போது காரை எனக்கு விட்டுப்போனான்,
அதில் தன் உயரத்தையும்.
அவன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கால் நீட்டி ஓட்டுவான்.
கண்ணாடியும் அதற்கேற்ற இடத்தில்.
நான் பதினொரு வருடம்
தாடை தோளில் இடிக்கத் திரும்பிப் பார்த்தேன்,
பின்னால் வருகிறவர்களை அல்ல,
அவர்கள் வந்துவிட்டார்கள் என்பதை.

அதே ஓட்டையில் மாட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

பக்கத்து வீட்டு ஸிர்க்கா,
ஆஸ்பத்திரி இரவுப்பணி முடித்து, பைஜாமாவில்,
கதவுக்கு வெளியே கண்ணாடியைப் பிடித்து நின்றாள்.
நான் என் இடத்தில் உட்கார்ந்து, என் குட்டைக்கழுத்தோடு,
"முன்னால். இன்னும். கொட்டாவி விடாதே, ஆடுகிறது. அங்கே."
அவள் பென்சிலால் கோடிழுத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

காகித டேப் ஒட்டினேன். சுத்தியலால் ஒரு புள்ளி.
என்னைவிட மூன்று வயது மூத்த தகடு.
டிரில்லை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
அழுத்தினேன்.

இரும்புச் சுருள் வரவில்லை.
வெள்ளைத் தூள் வந்தது,
மாவு மாதிரி, என் மணிக்கட்டெல்லாம்.

பட்டி.
சுரண்டினேன். ஒரு துளை.
சற்றுத் தள்ளி அதன் இணை.
என் கண்ணாடியின் போல்ட்டுகள் அளந்த அதே இடைவெளி,
விளிம்பில் பச்சை.

யாரோ இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்,
இருக்கையை முன்னே இழுத்து, என் உயரத்தில்.
யாரோ வெளியே பிடித்து நிற்க,
"அங்கே" என்றிருக்கிறார்கள்.
பேர் தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது.
பிறகு யாரோ அடைத்து, தேய்த்து, சிவப்படித்து
தொடாத வண்டி ஆக்கியிருக்கிறார்கள்.

விளிம்புத் தகட்டுக்கு நகப்பாலிஷ் தூரிகையால் பிரைமர் பூசினேன்.
காய்ந்ததும் போல்ட் உள்ளே போனது,
இடிக்காமல், உரசாமல்.

இன்னொரு இடது அடுக்களை ஜன்னலில் இருக்கிறது,
காபி வைக்கும்போது என் முதுகுப்பக்கக் கதவைக் காட்டியபடி.
ரைனெயின் துளைகள் இரண்டிலும் ஒயின் கார்க் செருகியிருக்கிறேன்.
எண்பதைத் தாண்டினால் மெல்ல விசிலடிக்கின்றன.

போரி சாலையில் எழுபத்தெட்டில் போகிறேன்.
பின்னால் நீண்ட வரிசை, ஒவ்வொரு முகத்திலும் எரிச்சல்.
எல்லாரையும் பார்க்கிறேன்,
கழுத்து வலிக்காமல்.