எத்தனை அலகு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில் போய் முடிய பதினெட்டு நிமிடம்.
அதற்குள் படிவத்தை இன்னொருமுறை புரட்டினேன்.
பதினான்காம் கேள்வியை
இயல்பான குரலில் கேட்க வேண்டும்
என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அங்கன்வாடியின் பின்னறை.
பருப்பு வேகும் வாசனைக்கு மேல்
கொடுங்கையூர் மேட்டின் புகை.
மோனிஷுக்கு ஒன்பது வயது.
தலையைச் சுற்றி நாடா வைத்தபோது
கூசுது என்று நெளிந்தான்.
கண்ணின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
கண்ணாடி ஸ்கேல் பிடித்தேன்:
இருபத்து மூன்று மில்லிமீட்டர்.
மூக்கடியிலிருந்து மேலுதட்டுக்கு இறங்கும் சின்ன ஓடை
இவனுக்கு இல்லை.
கரண்டியால் வழித்துவிட்ட சிமெண்ட் போல
வழவழப்பு.

ஒப்பிட ஓர் அட்டை தந்திருக்கிறார்கள்.
ஐந்து படங்கள்,
ஐந்திலும் மூக்கு முனையும் வாயும் மட்டும்.
"இவங்களுக்கெல்லாம் கண்ணு எங்கக்கா?"
வெட்டிட்டாங்க, என்றேன்.
"பாவம்" என்றவன்
அப்புறம் அட்டைப் பக்கம் திரும்பவேயில்லை.

இருபது வரை எண்ணச் சொன்னேன்.
பதினொன்றுவரை வந்தான்.
சிரித்தான்.
பதினொன்று, என்று மறுபடி சொன்னான்,
தெரிந்த வீட்டு வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவன் போல.

பிறகு தேசம்மாள் வந்து உட்கார்ந்தாள்.
ஆண்டு வருமானம், கழிவறை, அடுப்பு எல்லாம் முடிந்து
பதினான்கு:
கர்ப்ப காலத்தில் வாரத்துக்கு
எத்தனை அலகு மது அருந்தினீர்கள்?

"அலகா?
அலகு குத்துனது எங்கூட்டுக்காரரு.
ஆடி மாசம்.
இந்தக் கன்னத்துல வுட்டு அந்தக் கன்னத்துல எடுத்தாங்க.
ஒரு பொட்டு ரத்தம் வரல."

ஓர் அலகு என்றால் இத்தனை மில்லி என்று விளக்கினேன்.

"கட்டிங்குன்னு கேட்டா தெரியப்போவுது.
மேட்டுல ஏறிப் பாத்துக்கீறியா நீ?
செத்த நாயி, ஆஸ்பத்திரி பஞ்சு, அழுவுன மீனு
எல்லாம் ஒண்ணா வேவும்.
வெறும் வயித்துல நிக்க முடியாது,
துன்னுட்டும் நிக்க முடியாது.
காயலாங்கடைக்காரன் பாதிக்கு துட்டு குடுப்பான்,
மீதிக்கு பாட்டிலு.
இவன் உள்ள கீறான்னு
அஞ்சாம் மாசந்தான் தெரியும்.
தெரிஞ்சப்புறமும்..."

அங்கே நின்றுவிட்டாள்.
நான் பேனாவை மூடவில்லை, எழுதவுமில்லை.

"தெரிஞ்சப்புறமும் மேட்டுக்குப் போனேன்ல.

பாட்டில்ல எழுதியிருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன்.
நாட்டுக்குக் கேடு, வீட்டுக்குக் கேடு, உயிருக்குக் கேடு.
வயித்துக்குள்ள இருக்கறதுக்குன்னு போடல.
போட்டிருந்தா?"

கேட்டது என்னையல்ல.
பையன் சட்டையில்
மாறிப் போட்டிருந்த பித்தானைக் கழற்றி
சரியான துளையில் போட்டாள்.

"அதானாம்மா காரணம்?
பதினொண்ணுலயே நிக்கிறானே, அதுக்கு?"

ஆய்வின் இந்தக் கட்டத்தில்
தனிநபர் குறித்து எதுவும் கூற இயலாது
என்ற வாக்கியம் என்னிடம் அச்சடித்து இருந்தது.
அதைச் சொன்னேன்.
ரேஷன் கடைக்காரர் பில் மெஷின் வேலை செய்யவில்லை என்றால்
கேட்டுக்கொள்வது மாதிரி
கேட்டுக்கொண்டாள்.

காயலாங்கடைக்காரனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
புகைக்கும் இல்லை.
பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
பின்பக்கத்தை யாரும் ஸ்கேன் செய்வதில்லை.

திரும்பி வந்து பையைக் கொட்டினால்
ஸ்கேலைக் காணோம்.

மறுவாரம்
குழாயடியில் குத்தவைத்து
ஒரு நாயின் கண்ணை அளந்துகொண்டிருந்தான்.
நாய் ஒத்துழைத்தது.
"அம்மா கண்ணும் அளந்தேன்க்கா,
தூங்கசொல்லோ."

எவ்ளோ இருந்துச்சு?

விரலை மடக்கினான், நீட்டினான்.
பதினொன்று என்பான் என்று
பேனாவை எடுத்தேன்.

"நெறய" என்றான்.