நடுக்கல்

கோட்டையூர் முக்கில் என் பஞ்சர் கடைக்கு வருகிறவர்கள்
இன்னும் அதைப் பேசுகிறார்கள்.
"ஒன்பது பிளேனுண்ணே. ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனாப்ல."
நான் டியூபைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.
எட்டு என்று சொல்வதில்லை.

பதினோரு வருஷமாகிறது.
எங்கள் அணிக்கு அது வெள்ளி விழா,
இருபத்தைந்து வருஷம் தலைகீழாய்ப் பறந்ததற்கு.
கானாடுகாத்தானுக்கு வெளியே
சண்டைக்காலத்தில் போட்ட ஓடுபாதையில்
பந்தலும் மைக்கும் கட்டியிருந்தார்கள்.
வெடிப்பெல்லாம் ஆவாரை முளைத்த பாதை. இறங்க முடியாது,
மேலே பறந்து காட்டலாம்.
பண்ணை மாடுகளை முந்தின நாளே அடைத்துவிட்டதாக
மீனாள் போனில் சொன்னாள்.
என் ஊர், என் வீட்டு மாடிக்கு மேல் இருக்கும் வானம்.
நான் தஞ்சாவூரில்
அவை கிளம்பும் இடத்தில்
ஐந்தாம் எண்ணின் வயிற்றுக்குக் கீழே
மல்லாந்து கிடந்தேன்.

ஒரு சொட்டு.
சிவப்பு. ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பாகத்தான் இருக்கும்.
துணியால் துடைத்தேன்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன்,
குழாயில் ஒன்றும் தெரியவில்லை.
துடைத்த இடத்தையே பார்த்துக் கிடந்தேன்
ஆறு நிமிஷம்.
மறுபடி வந்தது,
எறும்புத் தலை அளவு.

நான்காம் எண் வரை இன்ஜின் பிடித்துவிட்டது.
குளிர்ஜுரக்காரன் பல்லைப் போல
ஹாங்கர் தகரம் நடுங்கியது.
பதிவேட்டை முழங்காலில் வைத்துச்
சிவப்பு மையில் எழுதினேன்: பறக்கத் தகுதியில்லை.
கீழே, சார்ஜென்ட் வயிரவன்.
அந்த வருஷம் நான் போட்டதில்
அதுதான் ஒழுங்கான கையெழுத்து.

ஸ்க்வாட்ரன் லீடர் சைகியாவுக்கு அது கடைசி ஷோ.
ஜோர்ஹாட்டிலிருந்து மூன்று ரயில் மாறி
அவர் அப்பாவும் அம்மாவும் வந்து
அங்கே பந்தலில் முன்வரிசையில் இருந்தார்கள்.
ஏணியில் பாதி ஏறியிருந்தவர்
இறங்கிப் பதிவேட்டைப் படித்தார்.
திட்டட்டும் என்று நின்றேன்.
கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.
"வயிரவன், டீ இருக்கா?"
அவருக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழ்.

எட்டும் கிளம்பித் தெற்கே போயின.

டீ ஆறுவதற்குள் போன் வந்தது.
சேவுகனுக்கு அப்போது ஏழு வயது, கத்துகிறான்:
"அப்பா! எட்டுதான் வருது! நடுவுல ஒண்ணக் காணோம்!"
பக்கத்தில் அடகுக்கடைச் சோலையப்பன் குரல்,
"வைரத்தோட்டுல நடுக்கல்லு விழுந்தாப்லல்ல இருக்கு."
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
என்ன சொல்கிறார்கள் என்றார் சைகியா.
"நல்லா இருக்காம் சார்."
பிறகு எல்லாவற்றையும் சத்தம் மூடிக்கொண்டது,
கூட்டமா இன்ஜினா பிரிக்க முடியவில்லை.
அது தீரும்வரை இரண்டு பேரும்
ஸ்டூலில் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாற்பது நாள் கழித்து ஆய்வறிக்கை வந்தது.
மயிரிழை விரிசல்.
இன்னும் இருபது மணி நேரம் தாங்கியிருக்கக்கூடும்.
தாங்காமலும் போயிருக்கக்கூடும்.
ஷோ இருபத்திரண்டு நிமிஷம்.
யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை,
தட்டிக்கொடுக்கவும் இல்லை.
சைகியா இப்போது பயணிகள் விமானம் ஓட்டுகிறார்.
பொங்கலுக்குக் கரும்புப் படம் அனுப்புவார்.
தூக்கம் வராத ராத்திரி
இருபது மணியை இருபத்திரண்டு நிமிஷத்தால் வகுத்துப் பார்ப்பேன்.
ஐம்பத்துநாலு ஷோ. மீதி கொஞ்சம்.

போன மாதம் பண்ணை டிராக்டருக்கு டயர் மாற்ற
அந்த ஓடுபாதைக்கே போக வேண்டி வந்தது.
ஜாக்கி வைக்கச் சமதளம் தேடி
பாதி வெயில் போய்விட்டது.
அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.
வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

இன்று காலை ஒரு பையன்.
காரைக்குடியில் பரீட்சையாம்.
"காத்த மட்டும் அடிச்சு விடுங்கண்ணே, போய்ச் சேந்துருவேன்."
டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி
மெல்லத் திருப்பிக்கொண்டே வருகிறேன்.
குமிழ் வரவில்லை.
அவன் மணி பார்க்கிறான்.
இன்னொரு சுற்று திருப்புகிறேன்.