எட்டு மில்லிமீட்டர்

கடிதத்தில் எனக்கென்று ஒரே ஒரு வரி:
ஆடுகளத்தில் புல் எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.
எட்டு மில்லிமீட்டர் என்பது
என் சுண்டுவிரல் நகம்,
அதுவும் வெட்ட மறந்தால்.

போகிற நாட்டில் ஜூன் மாதமும் குளிருமாம்.
பந்து காற்றில் வளையும், தரையில் வழுக்கும்,
சுழலுக்கு அங்கே வேலையே இல்லை என்கிறார்கள்.
அந்த நாட்டைக் கொண்டுவந்து
சேதராப்பட்டுச் செம்மண்ணில் இறக்கு என்று உத்தரவு.
பதினெட்டு நாள் தந்தார்கள்.
சித்திரை வெயிலிடம் யாரும் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணிக்கு மோட்டார் போட்டேன்.
விடிகிறவரை ஈரச்சாக்கு,
வெயில் ஏறினால் பச்சை வலை.
சத்தியவாணி சொன்னாள்:
"புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பகூட
இப்படி நெத்தியில துணி போட்டதில்ல நீ."
உண்மைதான்.

வந்தவர்கள் இருபத்திரண்டு பேர்.
விமானத்தில் இருக்கை பதினாறு.
சுழல் போடுகிறவர்கள் மூவர்.
"இடம் ஒன்றரை" என்றார் தேர்வாளர்,
கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தபடி.
அந்த அரை, மட்டையும் பிடிக்கத் தெரிந்தவனுக்கு.
அந்துவானுக்குத் தெரியாது.
பதினொன்றாவதாக இறங்கி
நடுவரிடம் நேரம் கேட்டுவிட்டுத் திரும்பி வருவான்.
நெல்லித்தோப்புப் பையன். இடது கை.
பதிமூன்று வயதில் பிரேக் இல்லாத சைக்கிளில் வந்து
சைட் ஸ்கிரீனில் மோதி நின்றவன்.

இனி என் ரகசியம்.
மேற்கு முனையிலிருந்து போட்டால்
அவன் பந்து விழுகிற இடத்தில் ஒரு சொட்டை.
உள்ளங்கை அகலம்.
உருளை வண்டி எப்போதோ டீசல் சிந்தியது.
என்ன விதைத்தாலும் பிடிக்காது.
அங்கே பட்டால் பந்து
கோபித்துக்கொண்டு திரும்பும்.
விட்டுவிட்டிருக்கலாம்.
மூன்று இரவு யோசித்தேன் என்றால் பொய்,
ஒரு பீடி நேரம் யோசித்தேன்.
பிறகு எல்லைக்கோட்டருகே புல்லோடு மண்ணை
வட்டமாய்ப் பெயர்த்து வந்து பதித்து,
கட்டைவிரலால் அழுத்தி
ஓரம் தெரியாமல் மூடினேன்.
எட்டு என்றால் எட்டு.

மூன்று நாள் ஆட்டம்.
அந்துவான் முப்பத்தொரு ஓவர் போட்டான்.
நாற்பத்தொரு ரன். விக்கெட் இல்லை.
ஒரு பந்துகூடத் திரும்பவில்லை.
குஜராத்துப் பையன் நாலு எடுத்தான்,
இரண்டு ஃபுல்டாஸில். அதுவும் கணக்கில் சேரும்.
கடைசி மாலை தேர்வாளரின் கணினியில்
அந்துவான் பந்து விழுந்த இடமெல்லாம்
சிவப்புப் புள்ளியாய் வந்தது.
ஒன்றின்மேல் ஒன்று,
கையில் அள்ளிய மாதுளை முத்துப் போல.
"என்ன ஒரு கட்டுப்பாடு!" என்றார்.
நான் திரையைப் பார்த்தேன்.
அந்த இடம் எனக்குத் தெரியும்.

தார்ப்பாய் இழுக்க வந்தவன்
குனிந்து புல்லைத் தடவினான்.
"அண்ணே, இங்க ஒரு சொட்டை இருந்துச்சே?"
"இருந்துச்சு."
"நூத்தி எண்பத்தாறு பந்து தேடினேன்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் மறுமுனையைப் பிடிக்கப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது.
பதினாறில் அவன் இல்லை.
கீழே, சின்ன எழுத்தில்: மாற்று வீரர்.
அதாவது, விசா எடுக்கணும். பெட்டி கட்டக் கூடாது.
யாருக்காவது விரல் உடைந்தால் கூப்பிடுவார்கள்.
உடையட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை,
நினைக்காமல் இருக்கவும்.

புதன்கிழமை
புல்லை மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டினேன்.
அந்த வெளிநாடு மொத்தம் ஒரு சாக்கு இருந்தது.
வாசல் காவலர் வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.
முகர்ந்தது.
கொஞ்சம் யோசித்தது.
தின்றது.