பிடரிகள்

படம் ஓட்டுகிறவனுக்கு முகங்கள் கிடையாது.
பிடரிகள்தான்.
பதினேழு வருடமாக இந்த ஊரை
நான் பின்பக்கமாகவே அறிவேன்.
சிரித்தால் தோள் குலுங்கும்.
பயந்தால் கழுத்து உள்ளே போகும்.
அழுதால் மட்டும்
ருமேனியக் குளிரிலும் தொப்பியைக் கழற்றுவார்கள்,
ஏனென்று இன்றுவரை தெரியாது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை.
அரங்கைச் சூடாக்கும் குழாய் வெடித்து மூன்று வாரம்.
கோட்டும் பூட்ஸுமாக நாற்பத்தொரு பேர்.
இலவசக் காட்சி.

திரையில், எங்கோ ஒரு தொலைதேசத்தில்
ஒரு பெண் தண்ணீருக்கு நடக்கிறாள்.
அவ்வளவுதான் கதை.
திரும்புகிற வழியில் வழுக்கி விழுகிறாள்.
கொட்டியதை மண் குடிக்கக் குடிக்க
பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்,
நான்கு நிமிடம், ஒரு வெட்டும் இல்லாமல்.
(கடிகாரத்தைப் பார்த்தேன்.)
இருபத்தாறு தொப்பிகள் கழன்றன.

விளக்கைப் போட்டேன்.
மருந்துக்கடை ஒல்ட்டேயா
மனசே கனத்துவிட்டது என்றார்.
பள்ளி ஆசிரியர் ஒளிப்பதிவைப் புகழ்ந்தார்.
அந்த நாட்டுக்கு ஏதாவது அனுப்பலாமே என்று யாரோ சொல்ல
ஒரு தொப்பி மல்லாந்து
வரிசை வரிசையாகப் போனது,
சில்லறைச் சத்தத்தோடு.

அப்போது கடைசி வரிசையில்,
என் சன்னலுக்கு நேர் கீழே,
மஞ்சள் பூப்போட்ட தலைத்துண்டு ஒன்று எழுந்தது.
சம்பிலா.
குப்பைமேட்டை ஒட்டிய ரோமா குடியிருப்பு.
இந்த அரங்கைத் தினமும் கூட்டுகிறவள்.
இங்கே படம் பார்த்தது அன்றுதான்.

“பொய் சொல்லக் கூடாது,
எனக்கு அவ்வளவு தூரம் இல்லை.
எண்ணூறு எட்டுதான்.
ஆனால் இறக்கம், பனி.
அக்டோபரில் எங்கள் குழாயை எடுத்துப் போனார்கள்.
நாற்பது வீட்டுக்கு அது ஒன்றுதான்.
பூட்ஸுக்கு மேலே சாக்கு கட்டி நடக்கிறேன்.
நான் விழும்போது
பின்னணி இசை வருவதில்லை.”

தொப்பி நாலாம் வரிசையில் நின்றுவிட்டது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள்.
அழுதது நாங்கள்.
தாகம் அவளுடையது.
நீலிக் கண்ணீர் என்று சொல்லமாட்டேன்,
உப்பு கரித்துத்தான் இருக்கும்.
ஆனால் திரையில் இருந்தவள் நல்லவள்,
எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

இவளைப் பார்க்க எல்லோரும் திரும்பினார்கள்.
பதினேழு வருடத்தில் முதல்முறையாக
என் சன்னலுக்கு எதிரே
நாற்பது முகங்கள்.
மூக்கு சிவந்து, மை கரைந்து,
வாய் பாதி திறந்து.
கருணைக்கு இப்படியொரு முகமா
என்று நினைக்கும்போதே
கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது.

சொல்லிவிடுகிறேன்.
கூட்டி முடித்ததும்
அரங்கின் கழிவறைக் குழாயில்
இரண்டு வாளி பிடித்துப் போவாள்.
தண்ணீர்க் கணக்கு ஏறுகிறதென்று
டிசம்பரில் எழுதிக் கொடுத்தவன் நான்.
அழகான கையெழுத்து எனக்கு.

யாரும் பேசவில்லை.
பிறகு குழாய் ரிப்பேர் சான்டு,
படம் முழுக்கத் தூங்கியவன்,
எழுந்து கேட்டான்:
“பூட்டிவிட்டார்களா, வெட்டிவிட்டார்களா?”
“வெட்டி.”
“எத்தனை அங்குலம்?”
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
வளைத்துக் காட்டினாள்.
“முக்கால்” என்றான்.
தொப்பியை எடுத்தான், அது அவனுடையதுதான்.
காசை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு
தொப்பியைத் தலையில் வைத்தான்.

சனிக்கிழமை பதினோரு பேர் வந்தோம்.
ஒல்ட்டேயா தேநீர்க் குடுவையோடு.
ஆசிரியர் வரவில்லை.
உறைந்த மண் மண்வெட்டியைத் திருப்பி அடித்தது.
இருட்டும்போது தண்ணீர் வந்தது,
முதலில் துருவின் நிறத்தில்.
திங்கட்கிழமை நகராட்சியின் அபராதச் சீட்டு வந்தது.
டிக்கெட் கவுண்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன்,
இன்னும் பாதி கட்ட வேண்டும்.

அடுத்த வியாழன் ஒரு நகைச்சுவைப் படம்.
மூன்றாம் வரிசையில் மஞ்சள் தலைத்துண்டு.
எல்லாத் தோளும் குலுங்கின.
அது மட்டும் கடைசிவரை அசையவில்லை.
படம் பிடிக்கவில்லை போல.