ரத்தம் அப்படி இருக்காது

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன்,
நாலே நாள் ஓடிய படத்தை
இரண்டு முறை பார்த்தவள் என்ற உரிமையில்.

ரத்தம் அப்படி இருக்காது.
கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில்
ஒன்பது வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன்.
பைக்குள் அது கறுப்புக்கு அடுத்த வீட்டுச் சிவப்பு.
இவர்கள் ஊற்றியது ராயக்கோட்டைத் தக்காளி,
கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்த வாரமாக இருக்கும்,
அவ்வளவு தாராளம்.
கதாநாயகியின் கழுத்தில் ஒரு விதை
இடைவேளை தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன்கிட்ட ஓ நெகட்டிவ் வாசனை" என்கிறான் காட்டேரி.
வாசனையில் குரூப் தெரியாது, தம்பி.
தெரிந்தால் எனக்கு வேலை இல்லை.

முத்தத்தில் கோரைப்பல் கழன்று விழுகிறது,
வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.
அவன் உறங்கும் கல்லறை ஒரு கைவிட்ட கிரானைட் குவாரி;
தலைமாட்டுக் கல்லில் ஏற்றுமதி எண்
வெள்ளைப் பெயின்டில் பளிச்சென்று.
அவன் உருவம் கண்ணாடியில் விழாது, அது கதை.
லாரியின் பக்கக் கண்ணாடியில்
கேமராக்காரரும் டீ கொண்டுவந்த பையனும் விழுகிறார்கள்.

இயக்குநர் திம்மராயன்
காவேரிப்பட்டணத்தில் கல்யாண வீடியோ எடுப்பவராம்.
அதனால்தானோ என்னவோ
சாகப்போகிறவர்கள்கூட
கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிடுகிறார்கள்.

கதை இவ்வளவுதான்.
சுங்கச்சாவடியில் ராத்திரி வேலை கோமளாவுக்கு.
மாங்கூழ் லாரி ஓட்டுகிறான் அவன்.
இருநூறு வருஷத்துக்கு முன் செத்தவனுக்கு
எந்த பேங்கும் ஃபாஸ்டேக் தராது,
ஆகவே தினமும் ரொக்கம்,
ஆகவே தினமும் மீதிச் சில்லறை,
ஆகவே காதல்.
இதை யோசித்தவனுக்கு
நான் ஒரு டீ வாங்கித் தருவேன்.

இன்னொன்று.
ஒரு ராத்திரி, ரசீதைக் கிழித்தபடி அவள் கேட்கிறாள்:
"சாப்பிட்டாச்சா?"

பின்னால் ஏழு லாரி ஹாரன் அடிக்கிறது.
நடிகர் முனிராஜுக்கு நடிக்கத் தெரியாது.
தெரிந்திருந்தால் அந்த இடத்தில்
ஏதாவது செய்து கெடுத்திருப்பார்.
ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.
அவள் கழுத்தைப் பார்க்கவில்லை.
"பசிக்கல" என்றார்.
பதினோரு பேர் இருந்த தியேட்டரில்
ஒருத்தர் இருமியது கேட்டது.

இரண்டாவது தடவை என் வீட்டுக்காரரோடு போனேன்.
ஓசூரில் அவருக்கு மூன்று வருஷமாக ராத்திரி ஷிப்ட்.
காலை ஏழுக்குக் கம்பெனி பஸ் அவரை இறக்கிவிடும்,
ஏழரைக்கு என் பஸ்.
ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்குவார்.
எங்களுடைய பேச்சு எல்லாம்
குக்கர் மூடியில் ஒட்டிய சீட்டில்.
அதிலும் பாதி, சாப்பிட்டாச்சா.

டைட்டில் போடும்போதே தூங்கிவிட்டார்.
ஹாரன் சத்தத்தில் கண்விழித்து,
திரையைக் கொஞ்ச நேரம் பார்த்து,
"அந்தப் புள்ள கழுத்துல தக்காளி விதை,
யாராவது சொல்லக் கூடாதா" என்றார்.
மறுபடி தூங்கினார்.

கடைசியில் காட்டேரி விடியலுக்குள் நடக்கிறான்.
எரிவதைக் காட்டப் பணம் இல்லை.
வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள்.
அவன் போனான், லாரி போனது,
சாவடி, அவள், தூரத்து மலைக்கோட்டை போனது,
வெறும் வெள்ளைத் துணியில்
என்றோ கிழிந்து தைத்த தையல் மட்டும்
மேலிருந்து கீழாகத் தெரிந்தது.
இதைக் குறையில் சேர்ப்பதா
நிறையில் சேர்ப்பதா,
இன்னும் முடிவாகவில்லை.

அந்த வெளிச்சத்தில் அவர் முகம் பார்த்தேன்.
காதோரம் நரைத்திருந்தது, எப்போது என்று தெரியவில்லை.
தொழில் பழக்கம், மணிக்கட்டைப் பிடித்தேன்.
சூடாகத்தான் இருந்தது.
விளக்கைப் போட்டு
பெருக்குகிற அம்மா வந்து நிற்கும்வரை
எண்ணிக்கொண்டிருந்தேன்.