நீர்மட்டம் 4095

எஸ்.பி. ரோட்டில் காந்திலால் கடையில்
பலகையைப் பழைய கன்னடத் தினசரியில் சுற்றிக் கொடுத்தார்கள்.
நிலைமின்சாரம் தாக்காத அந்த வெள்ளிப் பை இல்லையா என்றேன்.
"சாகிறது எதிலே வெச்சாலும் சாகும், மேடம்."

ஈஜிபுரா, தரைத்தளம்.
சுவரில் என் முழங்காலுக்குச் சற்று மேலே
போன செப்டம்பரின் பழுப்புக் கோடு.
வீட்டுக்காரர் இரண்டு கை பெயின்ட் அடித்தும்
கசிந்து வெளியே வந்து நிற்கிறது.
அதற்காகத்தான் இந்தப் பலகை:
ராஜகாலுவேயின் பாலத்தடியில் தொங்கி,
சாக்கடை எத்தனை அடி ஏறிற்று என்று பார்த்து
நடுராத்திரியில் எங்களை எழுப்ப.
தெருவில் பதினோரு வீடு, வீட்டுக்கு நானூறு ரூபாய்.
வசூல் பண்ணியது மூன்றாம் வீட்டு நஸீமா.
கணக்கு நோட்டும் அவளிடம்தான்,
என் பெயருக்கு நேரே இன்னும் "பாக்கி".

முதல் கேபிளில் விளக்கு எரிந்தது. வேறொன்றும் இல்லை.
ஒரு மணி நேரம் டிரைவரைச் சந்தேகித்தேன்,
மடிக்கணினியை, பிறகு என் படிப்பை.
அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்:
சோறு போடும், பேச்சைக் கடத்தாது.
இப்படி ஒரு வீட்டில் நான்கு வருடம் இருந்தவள் நான்.
உடனே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேபிள். மூன்று ஒயர்.
தரைக்குத் தரை.
இதன் வாய்க்கு அதன் காது, அதன் வாய்க்கு இதன் காது.
நான் வாயை வாயோடு சேர்த்துவிட்டு
ஏன் ஒன்றும் பேசவில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.
மாற்றியதும் வந்தது
கட்டம் கட்டமாய், கொம்பு முளைத்த எழுத்தாய்,
தலைகீழ்க் கேள்விக்குறியாய்.
அது உளறவில்லை.
நான் ஒன்பதாயிரத்து அறுநூறில் கேட்டுக்கொண்டிருந்தேன்,
அது லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறில்
மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

வேகத்தைத் திருத்தி, பிடுங்கி, மறுபடி செருக,
நிறுத்துவதானால் ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்றது.
3
2
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் நஸீமா வந்தாள், வாயில் பிரஷ்ஷோடு.
"உசிரு வந்துச்சா?" என்றாள் வாணியம்பாடித் தமிழில், நுரை சிந்தாமல்.
வரிகள் ஓடின. நினைவகம் இவ்வளவு,
யூஎஸ்பி இத்தனை, ஈதர்நெட்டில் ஒயர் இல்லை.
கார்டைத் தேடும் வரியில் நின்றது.
நின்றது என்றால், தெருவில் முதல் ஆட்டோ கிளம்பிப் போகும்வரை.
கார்டை நகத்தால் அழுத்தினேன். க்ளிக்.
கீழே ஒரு சின்னக் கட்டம் துடிக்க ஆரம்பித்தது,
இனி நீ சொல் என்பதுபோல.

தேதி கேட்டேன்.
வியாழக்கிழமை, ஜனவரி 1, 1970.
கடிகாரத்துக்கு பேட்டரி இல்லாத பலகைகள்
எல்லாமே அன்றைக்குத்தான் பிறக்கின்றன.
நீர்மட்டம் கேட்டேன்.
உணரி இன்னும் டப்பாவைவிட்டு வரவில்லை,
அந்தப் பின் சும்மா காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது.
4095 என்றது.
அளவுகோலின் உச்சி. அதற்குமேல் அதனிடம் எண் கிடையாது.

ரெண்டும் தப்பு, என்றேன்.
நஸீமா திரைப்பக்கம் குனிந்து படித்தாள்.
"எழுவதுலயா? சரியாத்தானே சொல்லுது.
எங்க மனைப் பத்திரத்தப் பாரு.
கிழக்கே ஏரி, மேற்கே ஏரி, வடக்கே ஏரி."
வாய் கொப்பளிக்கப் போய்விட்டாள்.

இரண்டும் ஒரே வரியாகக் கோப்பில் பதிவாகியிருந்தது.
சோதனைக் குப்பையை விட்டுவைக்காதே என்பது
ஆபீஸில் நான் எல்லோரையும் கடிந்துகொள்கிற விஷயம்.
அழிக்கவில்லை.
தேதியை மட்டும் திருத்தினேன்.

அடுத்த வரி விழுந்தது,
இன்றைய தேதி, இந்த நிமிடம்,
4095.

காலைத் தரையிலிருந்து எடுத்து
நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன்.